நான்காவது முறை

“டீச்சர், கார்டு செத்துப்போச்சு,” என்றார் பேச்சிமுத்து.

அவர் கையில் சூட்டுக்காற்று ஊதும் துப்பாக்கி இருந்தது. மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது.

ஜெபமலர் அப்போதுதான் தன் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருடம் டிவி ரிப்பேர் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் கற்க அவளிடம் வந்து சேர்ந்தவர். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பாளையங்கோட்டையே சிரித்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

“யாரு மெஷின்?”

“என்னோடது அக்கா,” என்றாள் ஸ்டூலில் இருந்த பெண்.

அவள் பெயர் பெனாசிர். ப்ளஸ் டூ முடித்தவள். தான் செய்த ஒரு நிமிட அனிமேஷன் படத்தை இன்று ஐந்து மணிக்குள் கல்லூரிச் சேர்க்கைக்கு அனுப்பியாக வேண்டும். கடைசிப் பன்னிரண்டு வினாடி பாக்கி. அதை உருவாக்க அந்த கிராபிக்ஸ் கார்டுக்கு இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். கடையில் வேறு எந்த மெஷினிலும் அப்படி ஒரு கார்டு இல்லை.

“அனுப்பலைன்னா?” என்றாள் ஜெபமலர்.

“இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம்னா வாப்பா விட மாட்டாங்க.”

மணி நான்கு ஐந்து.

“என்ன செஞ்சீங்க, அண்ணாச்சி?”

“நேத்து புது டிரைவர் ஏறியிருக்கு. அதுலேருந்து திரை கறுப்பு. புதுசை எடுத்துட்டுப் பழசைப் போட்டேன். படம் வந்துச்சு. அஞ்சு நிமிஷம்தான், திரும்பக் கறுப்பு. மறுபடி போட்டேன். மறுபடி கறுப்பு. மூணு தடவை ஆச்சு.”

டிரைவர் என்பது கார்டை வேலை வாங்கும் மென்பொருள். புதியது வந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நம் புத்தி அப்படி.

“மூணு தடவையும் படம் வந்துச்சா?”

“வந்துச்சு. இந்தப் பிள்ளை வேலையைத் தொறந்ததும் போயிட்டு. சூடு தாங்கல. சிப்புக்கு அடியில ஈய ஒட்டு விட்டுப்போயிருக்கும். லேசா சூடு காட்டி ஒட்டிருதேன்.”

கையால் தொட முடிகிற இடத்தில்தான் கோளாறு இருக்கும் என்று முப்பது வருடம் நம்பி வாழ்ந்த மனுஷன்.

“சூடு காட்டினா சரியாயிருமா?” என்றாள் பெனாசிர்.

“பத்துல ஆறு பொழைக்கும்.”

“மிச்சம் நாலு?”

பேச்சிமுத்து துப்பாக்கியின் சுவிட்சைத் தட்டினார்.

ஜெபமலர் துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

“பழைய டிரைவரை இன்னொரு தடவை போடுங்க.”

“மூணு தடவை போட்டாச்சுன்னு சொல்லுதேன்லா?”

“நாலாவது தடவை போடுங்க.”

போட்டார். பதிமூன்று நிமிடம் போயிற்று. திரையில் படம் வந்தது. பெனாசிர் பாய்ந்து மவுஸைப் பிடிக்கப் போனாள்.

“தொடாத,” என்றாள் ஜெபமலர்.

“அக்கா, நேரம் இல்ல!”

“தொடாத. அண்ணாச்சி, நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க.”

“உக்காந்து?”

“பாருங்க.”

“எதை?”

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான்கு பத்தொன்பது. பேச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளுக்குள் கொதித்தார். ஒரு பிள்ளையின் படிப்பு கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறது, இவள் பள்ளிக்கூடம் நடத்துகிறாள்.

திரையைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். அதன் விசிறி சுற்றியது. தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. பெனாசிர் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

நான்கு இருபத்தொன்று.

பார்க்க வேறு எதுவும் இல்லாததால் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். இன்டர்நெட் ஒயர் சொருகியிருந்த இடத்தில் ஒரு பச்சை விளக்கு படபடவென்று துடித்தது.

“பாப்பா, நீ எதையாவது இறக்கிட்டு இருக்கியா?”

“நான் தொடவே இல்லையே, மாமா.”

“பெறகு இது யாருக்காக ஓடுது?”

கேட்டவர் தானே எழுந்துவிட்டார்.

“அடப்பாவி! நான் எடுத்துப் போட எடுத்துப் போட, இது பாட்டுக்குப் போயி அதே புதுசைத் திரும்ப இறக்குதே!”

ஒயரைப் பிடுங்கினார்.

விளக்கு அணைந்தது. மூவரும் திரையையே பார்த்தார்கள். ஐந்து நிமிடம் தாண்டியது. ஆறும் தாண்டியது. படம் அப்படியே நின்றது.

“இப்பத் தொடு,” என்றாள் ஜெபமலர்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கடைசி வினாடி உருவாகி முடிந்தது. பெனாசிர் அதை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, கடையின் இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஓடினாள். நான்கு ஐம்பத்தெட்டுக்குக் கல்லூரியிலிருந்து ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதில் வந்தது. அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

பேச்சிமுத்துவுக்கு இப்போதுதான் கோபம் வாய்க்கு வந்தது.

“டீச்சர், ஒயருதான்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? எனக்குப் பாடம் நடத்த இதுதானா நேரம்? பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிருந்தா?”

ஜெபமலர் துப்பட்டாவில் உள்ளங்கையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வியர்த்தது.

“எனக்கு மட்டும் தெரியுமா, அண்ணாச்சி? நானும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”