நூற்றுக்கு நூறு

“ஏழாம் பெட்காரரோட மனைவி பொய் சொல்றாங்க, மேடம்,” என்று வந்து நின்றான் சிவசைலம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் ஹமீதா பானு நிமிர்ந்து பார்த்தார். சிவசைலம் அவரிடம் பயிலும் மருத்துவன். நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளப்பது அவனுடைய ஆய்வு. எதையும் எண்ணாக்கிவிட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

பேச முடியாதவர்களுக்காக வீட்டார் மதிப்பெண் போட வேண்டும். தூக்கம், வலி, பயம் என்று பத்துக் கேள்வி, கேள்விக்குப் பத்து. ஏழாம் படுக்கை உலகநாதன் அரை மயக்கத்தில் கிடந்தார். மூச்சுகூட இயந்திரம் விட்டதுதான். அவர் மனைவி பூமாரி நூற்றுக்கு நூறு போட்டிருந்தாள்.

“அவங்ககிட்ட என்ன சொல்லித் தாளைக் கொடுத்தே?”

“உங்க வீட்டுக்காரருக்கு மார்க் போடுங்கன்னு.”

ஹமீதா அவன் கையிலிருந்த தாள்களை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“இப்ப போய்ப் பேசிட்டு வா.”

வெறுங்கையோடு போனான். வெளியே பெஞ்சிலிருந்த பூமாரி, தாள் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“முப்பத்தஞ்சுக்குக் கொறஞ்சா ஃபெயிலுதான சார்? ஃபெயிலானா மெசினக் கழத்திருவியள்லா?”

அப்படியெல்லாம் இல்லை என்று மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. நம்பியதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவளையா பொய்க்காரி என்றோம் என்று அவனுக்கு வெட்கமாயிருந்தது. அழுது முடித்தபின் அவள் இன்னொன்றும் சொன்னாள்.

சிவசைலம் விரைந்து திரும்பி வந்தான். ஹமீதா காத்திருந்தார்.

“அவருக்கு இடது தோள் வலிக்குதாம், மேடம். தொட்டாலே கண்ணுல தண்ணி வருதாம். வலின்னா மார்க் குறைஞ்சிடும்னு இவங்க முந்தானையால துடைச்சிடுவாங்களாம். நர்ஸ் கேட்டதுக்கு, கண்ணுக்கு விட்ட சொட்டுமருந்து வழியுதுன்னு சொல்லியிருக்காங்க.”

ஹமீதா எழுந்துவிட்டார். வலிக்கு ஊசி எடுத்துவரச் சொல்லிக்கொண்டே ஏழாம் படுக்கைக்கு விரைந்தார். அவனும் பின்னால் ஓடினான்.

“எத்தனை நாளா?”

“பதினோரு நாளா.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“நான் அந்தத் தாளைக் கொடுத்த அன்னிலேருந்து, மேடம்.”