பங்கு போட்ட சொல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு ஐப்பசி மழையில், மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பிரகாசியம்மாள் சொல்லக் கேட்ட கதை இது. சுத்தியலை நிறுத்தாமலே சொன்னார். பிற கரைகளில் கேட்ட வடிவங்கள் முடிவில் மாறுபடுகின்றன. அதைக் கடைசியில் குறிக்கிறேன்.

கோணக்கரை என்ற ஊரில் குருசு, லாசர், சிங்கராயன், தொம்மை என நான்கு பேர் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தார்கள். மூத்தவர் குருசு. கடலில் கிடைப்பதை ஐந்து பங்காக்குவார்கள்: ஆளுக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று. மற்ற கரைகளில் வள்ளத்தின் பங்கு அதன் உடைமையாளருக்குப் போகும். கோணக்கரையார் நேர்மையானவர்கள், வள்ளத்தின் பங்கை வள்ளத்துக்கே வைத்தார்கள். அந்த மீன் அங்கேயே கிடந்து நாறும். “இன்னிக்கும் பசியில்ல போல” என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

ஸ்பானியக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஊர் திரும்பிய சந்தியாகு, ஒரு நெய்மீனை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார்.

“‘அயூதா’ன்னா உதவி. உதவி கேக்கவும் அதுதான், ‘உதவி வேணுமா’ன்னு விசாரிக்கவும் அதுதான். ஆபத்துல அந்த நாட்டுக் கப்பல் தென்பட்டா ஒரக்கக் கூப்பிடுங்க. உசுரு பொழைக்கும்.”

நால்வரும் சேர்ந்து பிடித்த நெய்மீன். ஆகவே அதற்குக் கிடைத்த சொல்லும் பொது. அன்று மாலையே பங்கு பிரித்தார்கள். ‘அ’ லாசருக்கு. ‘யூ’ சிங்கராயனுக்கு. ‘தா’ தொம்மைக்கு. எழுத்து தீர்ந்துவிட்டதால் குருசு பொருளை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் அதை உடனே மறந்துவிட வேண்டும் என்றார். அதில் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. சொல்லை எப்போது பயன்படுத்துவது என்பது மட்டும் மிஞ்சியது. அது வள்ளத்துக்கு.

ஆனி மாதக் காற்றில் ஒருநாள் பாய்மரம் முறிந்தது, அடிப்பலகையும் பிளந்தது. முழங்கால் வரை தண்ணீர் ஏறிய வேளையில், சந்தியாகு அடையாளம் சொல்லியிருந்த அதே கொடியுடன் ஒரு கப்பல் வந்தது.

“மாமா, சொல்லிரலாமா?” என்றான் லாசர்.

“எனக்கெப்படித் தெரியும்? நேரம் வள்ளத்தோட பங்குல்லா. அதைக் கேளு.”

லாசர் பலகையில் காது வைத்தான். “களகளங்குது மாமா.”

“அப்ப யோசிக்குது. பொறு.”

வள்ளம் யோசித்து முடித்து, நிதானமாக மூழ்கியது.

“உத்தரவு ஆயிருச்சு!” என்றார் குருசு, நீந்திக்கொண்டே.

“அ!” என்று லாசர் கத்தினான். “யூ!” என்று சிங்கராயன் கத்தினான். அதன்பின் அலையோசை மட்டுமே கேட்டது.

“எலே தொம்மை, ஒன் எழுத்தை எடுத்து விடுல!” என்றார் குருசு.

“எங்கிட்ட ஏதுவே எழுத்து? மூத்த மவ கல்யாணத்துல சங்கிலி கொறஞ்சுதுன்னு மாப்பிள்ள வீட்டுல மொறச்சாக. எழுத்தைச் சீதனமா வச்சுல்லா நெரவினேன்!”

“அப்ப மூணையும் நானே சேத்துச் சொல்லிரட்டா?” என்றான் லாசர்.

குருசுக்குக் கோபம் வந்துவிட்டது. “அடுத்த வீட்டுச் சீதனத்துல வாய வைப்பியால? செத்தாலும் மானத்தோட சாவோம்.”

“சாவுறதுக்கு முன்னால எதுக்குக் கத்துறோம்னாவது சொல்லுங்க மாமா. அந்தச் சொல்லுக்கு அர்த்தந்தான் என்ன?”

“அது என் பங்குல்லா? கேக்க வெக்கமா இல்ல?”

சொல் முடியவே இல்லை. ஆனால் கப்பலில் இருந்தவர்களுக்குக் கண் இருந்தது. கயிறு வீசி நால்வரையும் மேலே இழுத்தார்கள். கப்பல் தலைவர் தாமே போர்வை கொண்டுவந்து போர்த்தினார். நடுங்கிக்கொண்டிருந்த குருசின் முன் குனிந்து, கனிவோடு ஒரே ஒரு சொல் கேட்டார்:

“அயூதா?”

நால்வரும் விறைத்துப்போனார்கள்.

“ஒரே ஆளு அம்புட்டையும் அள்ளிட்டானே!” என்றான் சிங்கராயன்.

“எம் மருமவன் பங்கையுமாவே?” தொம்மைக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “மவ வீட்டுல நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?”

“பொருளோடயில்லா சேத்துக் கேக்கான்,” என்றார் குருசு. “இது திருட்டுக் கப்பல். நமக்கு ஆவாது.”

போர்வைகளை ஒழுங்காக மடித்துக் கொடுத்துவிட்டு, நால்வரும் வரிசையாகக் கடலில் குதித்தார்கள்.

பிரகாசியம்மாள் இங்கேயே முடித்துவிடுவார். வடக்குக் கரைகளில் சொல்பவர்கள் அவர்களைக் குதிக்க விடுவதில்லை. அந்த வடிவத்தில் நால்வரும் கப்பலிலேயே ஊர் வந்து சேர்கிறார்கள். இறங்கும்போது ‘கிராசியாஸ்’ என்ற நன்றிச் சொல்லையும் கற்றுக்கொள்கிறார்கள். ஐந்து எழுத்து. ஆளுக்கு ஒன்று போக, கடைசி எழுத்து வள்ளத்துக்கு. மூழ்கிவிட்டது என்பதற்காக அதன் பங்கை ஏமாற்றலாமா? ஆகவே ஞாயிறுதோறும் புது வள்ளத்தில் அந்த இடத்துக்குப் போய், தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி, நால்வரும் ‘ஸ்’ என்று கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

புது வள்ளத்தின் அடியிலும் சில நாட்களாகக் களகளவென்று சத்தம் கேட்கிறது. அந்தச் சொல்லில் தனக்கு ஏன் பங்கில்லை என்று அது யோசித்துக்கொண்டிருப்பதாகக் குருசு சொல்கிறார்.