முன்வரிசைக்கு ஒரு கல்

ஊசிமலைப் பாளையத்தை ஆண்ட பெத்தண்ண ராஜா தம் காலத்தில் ஒரே ஒரு போர்தான் நடத்தினார். மலைக்கு அந்தப் பக்கத்துப் பாளையக்காரர் படையோடு ஆற்றங்கரை வரை வந்துவிட்டார். காலையில் தொடங்கிய சண்டை, மாலையில் மழை பிடித்துக்கொண்டதால் நின்றது. வென்றது யார் என்று இரண்டு ஊரிலும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஊசிமலைப் படையின் முன்வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் வீடு திரும்பவில்லை. அவர்களுக்கு ஆற்றங்கரையில் வீரக்கல் நட்டு, ஆண்டுக்கொரு நாள் மாலை போட்டு விளக்கேற்றுவது வழக்கமாயிற்று.

வழக்கம் என்றுதான் பெயர். அந்த நாளில் ஊர் சனம் கல்லைக் கண்ணால் கண்டதில்லை. படைத்தலைவரான தளவாய் கங்கமுத்துவுக்கு ஒரு குடை, மந்திரி வேலை பார்த்த பிரதானிக்கு ஒரு குடை, ஆஸ்தானப் புலவருக்கு ஒரு குடை, அவர்களுடைய சம்பந்திகளுக்கு ஆளுக்கொரு குடை. இத்தனை குடைக்கும் பின்னால் ஊர். முதல் மாலையை யார் போடுவது என்பதில் பெரியவர்களுக்குள் தகராறு. சென்ற ஆண்டு தளவாயும் பிரதானியும் ஒரே மாலையை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்ததில் மாலை அறுந்துபோயிற்று. பயந்துபோன பூசாரி, முதல் மரியாதைப் பரிவட்டத்தைப் பக்கத்தில் நின்ற வேப்பமரத்துக்குக் கட்டிவிட்டார். மரத்தோடு யார் சண்டைக்குப் போவார்கள்? பிரதானி போனார். அந்த மரத்தை நட்டது தளவாயின் பாட்டனார் என்று அரண்மனையில் புகார் கொடுத்தார்.

ராஜாவுக்கு வெறுத்துவிட்டது. சபையில் வேடிக்கையாகப் பேசி அவரைச் சிரிக்கவைப்பது சடையாண்டியின் வேலை. அவனைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் விழாவை நீ நடத்து. ஊர் சனம் முன்னால் நிற்க வேண்டும். ஆனால் பெரியவர்கள் ஒருவரையும் பின்னால் போ என்று சொல்லக் கூடாது. அவரவருக்கு உரிய இடம் அவரவருக்குக் கிடைக்க வேண்டும். ஒருத்தர் குறை சொன்னாலும் இதுதான் கடைசி விழா. கல்லையெல்லாம் பெயர்த்து அரண்மனைத் தோட்டத்தில் வைத்துப் பூட்டிவிடுவேன்."

சபை சிரித்தது. சடையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கற்களில் ஒன்று அவன் தம்பி மாடப்பனுடையது. தம்பி பெண்டாட்டி பூவாயி ஆண்டு தவறாமல் விளக்கோடு போவாள், குடைகளின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். போன தடவை அவள் விளக்கைப் பல்லக்குத் தூக்கிகள் சுருட்டுப் பற்றவைக்க வாங்கிக்கொண்டார்கள். ராஜா சொன்னதை அவன் வீட்டில் வந்து சொன்னபோது அவள் அழவில்லை.

"தோட்டத்துக்குள்ளே போயிட்டா காவல்காரன் என்னை விடுவானா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள். போரன்று முரசு கொட்டிய நேரத்தில் யார் எங்கே நின்றாரோ, விழாவிலும் அவருக்கு அதுவே இடம். பெரியவர்களுக்குப் பரம திருப்தி. போர் முடிந்த நாளிலிருந்து அவர்கள் எல்லாரும் முன்வரிசையில்தானே நின்றிருந்தார்கள்?

விழா அன்று சடையாண்டி ஆற்றங்கரையில் ஒரு கல்தச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காத்திருந்தான். எழுத்து வெட்டாத புதுக்கற்கள் சில அருகில் கிடந்தன. முதலில் தளவாய் வந்து, தமக்கு முன்வரிசை, அதுவும் நட்டநடுவில் என்றார்.

சடையாண்டி கும்பிட்டுவிட்டு, தளவாயின் முழுப்பெயரை வெட்டத் தொடங்கும்படி கல்தச்சரிடம் சொன்னான்.

"எனக்கு எதுக்குடா கல்?"

"முன்வரிசையில் நின்றவர் ஒருவரும் திரும்பவில்லை என்று மகாராஜா வருஷா வருஷம் இதே இடத்தில் பேசுகிறார். மகாராஜா பொய் சொல்வாரா? உங்களுக்கு இத்தனை நாள் கல் நடாமல் விட்டது எங்கள் பிழை."

"நான்தான் உன் எதிரில் நிற்கிறேனே."

"அதுதான் எனக்கும் பயமாக இருக்கிறது. கல் நட்ட கையோடு புதுத் தளவாயை நியமிக்க வேண்டும். உங்கள் மைத்துனர் காலையிலேயே வந்து விசாரித்துவிட்டுப் போனார்."

உளி கல்லில் 'ணங்'கென்று விழுந்தது. தளவாய்க்கு ஞாபகம் வந்தது. அன்று வயிறு சரியில்லாமல் மூங்கில் புதருக்குப் பின்னால் இருந்தாராம். குடைக்காரனைக் கூட்டிக்கொண்டு மூங்கில் புதருக்கே போனார். பின்னால் நின்று இதைக் கேட்ட பிரதானி, தாம் அரண்மனை நெற்குதிருக்குள் இருந்து நெல்லைக் காத்ததாகச் சொன்னார். ஏணி வைத்து அவரைக் குதிருக்குள் இறக்கினார்கள். குடை நுழையவில்லை. குடைக்காரன் மேலே நின்று குதிரின் வாய்க்குப் பிடித்தான். புலவர் மாமியார் வீட்டில் இருந்தவராம். அவர் வருத்தப்படாமல் பல்லக்கேறினார். மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சம்பந்திகளும் ஒவ்வொருவராகத் தத்தம் பரணுக்கும் வைக்கோல்போருக்கும் கிளம்பினார்கள். அவரவர் வாயால் சொன்ன இடம், யார் குறை சொல்வது?

அன்று முன்வரிசைக்குப் பின்னால் தண்ணீர்க்குடத்தோடு நின்றது ஊர்ப் பெண்கள். அவர்கள்தான் இப்போது கல்லுக்கு அருகே வந்தார்கள். பூவாயி மாடப்பன் கல்லை முந்தானையால் துடைத்து, அவசரப்படாமல் விளக்கேற்றினாள்.

அப்போது ராஜா மாலையோடு வந்தார். குடையே இல்லாத ஆற்றங்கரையைப் பார்த்துத் திகைத்து, தளவாய் எங்கே என்று கேட்டார். மூங்கில் புதர் மரியாதையாகப் பதில் சொன்னது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, முன்வரிசையை நோக்கி நடந்தவர் நின்றார்.

"சடையாண்டி, என் இடம் எது?"

போரன்று முரசு கொட்டியதும் ராஜாவின் யானை மிரண்டு, அவரைச் சுமந்தபடியே ஆற்றைக் கடந்து, அக்கரைக் கரும்புத் தோட்டத்தில்தான் போய் நின்றது. அது ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

சடையாண்டி கை கட்டிச் சொன்னான்: "யானை தயாராக நிற்கிறது, மகாராஜா. பாகன் வழி காட்ட வேண்டியதில்லை, அதற்கு ஞாபகம் இருக்கும். முரசைக் கொட்டினால் போதும்."

ராஜா யானையைப் பார்த்தார். வரிசையாக நின்ற கற்களைப் பார்த்தார். மாலையைப் பூவாயி கையில் கொடுத்துவிட்டு யானைமேல் ஏறி உட்கார்ந்து, கொட்டச் சொன்னார்.

முரசு முழங்கியது. நடு ஆற்றைத் தாண்டும்போது யானைமேலிருந்து சிரிப்போடு ராஜாவின் குரல் வந்தது.

"அடுத்த வருஷம் கரும்பு வெட்டிய பிறகு விழாவை வையடா!"