நாற்பத்தொரு மெயில்

"முன்னபின்ன தெரியாத கம்ப்யூட்டரெல்லாம் என் பேருக்கு மெயில் அனுப்புது மேடம்," என்றார் இருதயராஜ்.

காலை ஆறு மணி. சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஐம்பத்திரண்டு வயது. தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்.

உள்ளே, குளிருக்குச் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார் அரசி மேடம். முப்பத்தெட்டு வயது. தொழில் கற்றுக்கொடுப்பவர். வயதைக் காட்டி இந்த அறையில் எதையும் வாங்க முடியாது.

"எத்தனை மெயில் அண்ணே?"

"நாப்பத்தொண்ணு. தினம் காலையில ஆறு இருபத்தஞ்சுக்கு. எல்லாம் ஒரே நேரத்துல."

"என்ன சொல்லுது?"

"ஒரே பல்லவிதான். என்கிட்ட அப்டேட் காத்துக்கிட்டிருக்கு, இன்னும் யாரும் போடலை. கிடங்குன்னு ஒண்ணு. தேன்மொழின்னு ஒண்ணு. குருதின்னு ஒண்ணு. எதுவும் நம்ம மெஷின் இல்லை. அந்தக் குருதி மொத மெயில்ல ஏழு அப்டேட்னு சொல்லிச்சு. நேத்து இருநூத்திப் பன்னெண்டு."

"பயமா இருக்கா?"

"கடுப்பா இருக்கு. போன் மேசையில கிடந்து துடிக்குது. ஃபாதரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுங்கன்னு வீட்ல சொல்றாங்க."

"ஃபாதருக்கு லினக்ஸ் தெரியுமா?"

இருதயராஜ் சிரிக்கவில்லை.

"நாப்பத்தொண்ணையும் நேரா குப்பைக்கு அனுப்பிடலாம் மேடம். நீங்க சரின்னா ஒரு வரி வேலை."

அரசி கையை நீட்டினார்.

"நீங்க எழுதின பக்கங்களைக் கொடுங்க."

அது இருதயராஜின் பெருமை. லினக்ஸ் கம்ப்யூட்டருக்குப் புது அப்டேட் வந்திருக்கிறதா என்று ஒரு சின்னக் கருவி தினமும் பார்க்கும். வந்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவருக்கு மெயில் போடும். தானாக எதிலும் கை வைக்காது. சொல்லும், அவ்வளவுதான். போடாமல் விட்டுக்கொண்டே போனால் கம்ப்யூட்டர் ஒரு நாள் உறைந்து நின்றுவிடலாம்.

அதை எப்படிப் பொருத்துவது என்று தமிழில் ஏழு பக்கம் எழுதி இணையத்தில் போட்டிருந்தார். இரண்டு வருடம் ஆகிறது.

"அதுல ஒரு பிழை கிடையாது," என்றார். "ஒவ்வொரு வரியும் நானே ஓட்டிப் பார்த்து, அப்படியே எடுத்து ஒட்டினது."

"அப்படியேவா?"

"அப்படியே."

நாலாம் பக்கத்தில் அரசியின் விரல் நின்றது. மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் வரி. உதாரணத்துக்கு ஒரு முகவரி இருந்தது.

இருதயராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

அவருடைய முகவரி.

"படிச்சவங்களும் அப்படியே எடுத்து ஒட்டியிருக்காங்க," என்றார் அரசி.

"மாத்திப் போடணும்னுகூடவா தெரியாது? நாப்பத்தோரு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"மாத்தணும்னு எழுதியிருக்கீங்களா?"

ஏழு பக்கத்தையும் புரட்டினார். எழுதவில்லை.

"அவங்க மெயில் உங்களுக்கு வருது. அவங்களுக்கு என்ன வருது?"

"ஒண்ணும் வராது."

"ஒண்ணும் வராட்டி என்ன நினைப்பாங்க?"

அரசி ஆறாம் பக்கத்தைத் திருப்பி வைத்தார். கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் இருந்தது.

*மெயில் வராவிட்டால் கவலை வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் நலமாக இருக்கிறது.*

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுகள் சர்வர் பெட்டிகளின் இரும்பில் காய்ந்து, வெடித்துப்போய், வரிசையாக அவரையே பார்த்தன.

எங்கெங்கோ நாற்பத்தொரு இடங்களில் யாரோ நிம்மதியாக இருக்கிறார்கள்.

"பக்கத்தை இன்னைக்கே திருத்திடறேன் மேடம்."

"திருத்துங்க. ஏற்கெனவே ஒட்டினவங்க?"

"ஒரு பத்துப் பேரைத் தேடிப் பிடிச்சு போன் போடறேன்."

"மிச்சம் முப்பத்தொண்ணு?"

"சரி, இருபது."

"இது என்ன கத்திரிக்காயா? எதை எதை விடப்போறீங்கன்னு பேரை வாய்விட்டுச் சொல்லுங்க. நான் சரிங்கறேன்."

இருதயராஜ் நேற்று வந்த மெயில்களைத் திறந்தார். கிடங்கு. விட மனசு வரவில்லை. தேன்மொழி. யார் பெற்ற பிள்ளையின் பெயரோ. குருதி.

இரண்டு வருடமாக அது எழுதுகிறது. யார் நீ என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அனுப்பிய முகவரியை எடுத்து இணையத்தில் தேடினார்.

குரல் இறங்கியது.

"பிளட் பேங்க் மேடம். மலையடிவாரத்துல சின்ன ஊர். ரத்தப் பை வெக்கிற ஃபிரிட்ஜ் சூடாகாமப் பார்த்துக்கற மெஷின்னு போட்டிருக்கு. சூடானா அதுதான் மணி அடிக்கணும்."

"விட்டுடலாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் துடித்தது. ஆறு இருபத்தைந்து.

எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நாப்பதுதான் இருக்கு."

"எது இல்லை?"

"குருதி."

ஒரு நாளும் தவறியதில்லை. தீபாவளிக்கும் வந்தது, கிறிஸ்துமஸுக்கும் வந்தது.

இருதயராஜின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "யாரோ எல்லா அப்டேட்டையும் போட்டுட்டாங்க போல. அதான் மெயில் இல்லை."

"இருக்கலாம்." அரசி ஆறாம் பக்கத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "அப்படித்தான் எழுதியிருக்கு."

"ஆமா."

"அப்ப அது நல்லா இருக்கு."

"ஆமா மேடம்."

"அப்புறம் ஏன் அண்ணே அவங்க நம்பரைத் தேடறீங்க?"

அவர் நம்பரை அழுத்தினார். வெகுநேரம் அடித்தது. தூக்கக் குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

"பிளட் பேங்க்."

"அம்மா, உங்க ஃபிரிட்ஜைப் பார்த்துக்கற கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஓடுதே. எதிர்லதான் இருக்கு. நாலு டிகிரி காட்டுது."

"எப்ப இருந்து?"

"நான் நேத்து சாயந்திரம் டூட்டிக்கு வந்தப்ப இருந்து நாலுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"ஒரு தரம்கூட மாறலையா? கதவைத் திறந்து மூடினாலே கொஞ்சம் ஏறி இறங்கணுமேம்மா."

"இல்லை சார். மெயிலும் எதுவும் வரலை. வராட்டி நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். இங்க செவுத்துலயே பேப்பர் ஒட்டி வெச்சிருக்காங்க, கட்டம் கட்டி."

இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பையைத் தொட்டுப் பாரும்மா."

"காலங்காத்தால..." என்று முனகினாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.