மேலே விழுந்த சங்கிலி

கோணமுடக்கு ஊர்க்காரர்களிடம் எதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ‘அடுப்பைப் பாத்துக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனால், பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைகிறவரை அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாலைப் பார்க்கச் சொல்லவில்லையே!

அப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான் பூரணம் வாழ்க்கைப்பட்டு வந்தாள். சீர்வரிசையாக ஒரு தேக்குக் கட்டிலும் கூட வந்தது. வந்த நாள் முதல் அதில் புருஷன் சங்கிலிதான் படுத்தான். பூரணம் தரையில்; குழந்தை பிறந்தபின் ஒரு கை தூளியில், ஒரு கை தலைக்கு அணை. ‘ஒரே ஒரு மத்தியானம் அந்தக் கட்டில்ல கையைக் காலை நீட்டித் தூங்கணும்.’ அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டுச் சங்கிலி கட்டிலில் சாய்ந்தான். கண் செருகுகிற நேரம், கால் வெடுக்கென்று உதறிக்கொண்டது.

"ஐயோ, விழுந்துட்டேன்!"

"எங்க விழுந்தீங்க? கட்டில்லதான கிடக்கீங்க?"

"அதான் பயமா இருக்கு. விழுந்தும் இங்கயே கிடக்கேன்!"

குழந்தைக்கு ஊசி போட வந்த நர்சம்மாவிடம் முறையிட்டான். "தூக்கம் வர்றப்ப உடம்பு தளரும்ல, அப்ப விழுற மாதிரி ஒரு திடுக்கு வரும். எல்லாருக்கும் வர்றதுதான். அவ்வளவு பயமா இருந்தா, விழ முடியாத இடமாப் பாத்துப் படுங்க" என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கோணமுடக்கில் வந்து வேடிக்கை பேசலாமா?

சாயங்காலமே சங்கிலியின் பெரியப்பா மொட்டையாண்டி, தன் கூட்டாளிகள் ஒச்சுவையும் தவசியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊருக்கே யோசனை சொல்கிறவர் அவர். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் சொல்வார். மூவரும் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"கால் இருக்கு, அதனால உயரம். உயரம் இருக்கு, அதனால விழுறான். காலை வெட்டு!" என்றார் மொட்டையாண்டி.

பூரணம் ஓடிவந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். "மாமா! எங்கப்பா செஞ்சு குடுத்த கட்டில் மாமா!"

"பதறாத தாயி. நாங்க என்ன விவரம் கெட்டவங்களா? நாலையுமா வெட்டப் போறோம்? ஒண்ணை மட்டும் வெட்டிப் பாப்போம்."

ஒரு காலை வெட்டினார்கள். சங்கிலி படுத்தான். உருண்டு கீழே விழுந்தான்.

"பாத்தியா!" மொட்டையாண்டி தொடையைத் தட்டினார். "நான் சொன்னது சரியாப் போச்சு. விழுறான்!"

மிச்சக் கால்களும் போயின. பலகை மட்டும் தரையில் கிடந்தது. மறுநாள் அதில் படுத்தும் சங்கிலிக்குக் கால் உதறியது.

ஒச்சு தாடையைச் சொறிந்தான். "தரைக்குக் கீழயும் இடம் இருக்குல்ல? கிணறு வெட்டினா போயிக்கிட்டே இருக்கே."

"அப்ப அந்த இடத்தைத் தோண்டி எடுத்துட்டு அடியில படுக்க வச்சா, அப்புறம் எங்க விழுவான்?" என்றான் தவசி.

வாய்க்கால் தூர்வாரக் கூப்பிட்டால் இடுப்புப் பிடிப்பு என்று படுத்துக்கொள்கிற மூவரும், பூரணத்தின் முற்றத்தில் இடுப்பளவு, கழுத்தளவு, ஆளளவு என்று தோண்டித் தள்ளினார்கள். சங்கிலியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஐயோ, விழுந்துட்டேன்!"

தவசி மெல்லத் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தான்.

"கீழ விழ இடமில்ல. அப்படியும் விழுறான்னா... மேல விழுறான்."

"அடப்பாவி! மேல போயிட்டா யாரு எட்டிப் பிடிக்கிறது? மூடு, மூடு!"

கால் போன கட்டிலைத் தூக்கிக் குழிமேல் போட்டார்கள். பாரத்துக்கு மூவரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"உள்ள மூச்சு முட்டாதா மாமா?" என்றாள் பூரணம்.

"சூரியன்ல தலை முட்டுறதுக்கு மூச்சு முட்டினாப் பரவால்ல தாயி."

உச்சி வெயில். அவள் ஆக்கிப் போட்ட சோறு வேறு வயிற்றில் கனத்தது. முதலில் மொட்டையாண்டிக்குத் தலை தொங்கியது, பிறகு மற்ற இருவருக்கும். திடீரென்று மூன்று பேருக்கும் ஒன்றாக உதறிக்கொண்டது. கட்டில் ஒருபக்கம் சரிய, மூவரும் மண்வெட்டியோடு குழிக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

"பூரணம்! நல்லவேளை நான் கீழ இருந்தேன்! மூணு பேரையும் பிடிச்சுட்டேன்!"

பூரணம் குழியைப் பார்த்தாள். சும்மா கிடந்த கட்டிலைப் பார்த்தாள். முற்றத்து வேப்பங்கிளையில் கட்டிய தூளியில் குழந்தையும் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.

"விடாமப் பிடிச்சுக்கிட்டே இருங்க" என்றாள்.

சங்கிலி சொன்ன பேச்சைக் கேட்கிறவன். பூரணம் கட்டிலை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டு, கையைக் காலை நீட்டிப் படுத்தாள். காற்று சிலுசிலுத்தது. கண் செருகியது. வெடுக்!

"அம்மாடி!" வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

குழிக்குள் சலசலப்பு நின்றது. குசுகுசுவென்று ஏதோ ஆலோசனை. பிறகு மண்வெட்டிச் சத்தம்.

"தாயி, நீயும் விழுந்துட்டியா?" மொட்டையாண்டியின் குரல். "பயப்படாத. இவன் பிடியை விடல, இருந்தாலும் எனக்கு ஒரு கை சும்மாதான் இருக்கு. உனக்கும் தோண்ட ஆரம்பிச்சுட்டேன். நீ மேல விழுறியா, கீழ விழுறியான்னு மட்டும் சொல்லு. மண்ணை எந்தப் பக்கம் அள்ளிப் போடணும்னு தெரியணும்ல?"