சந்தனம் சொன்ன சாட்சி

ரொம்பக் காலத்துக்கு முன்னே, அலைச் சத்தம் கொலுமண்டபம் வரை கேட்கிற கடலோர நாடொன்றை மகரகேது என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் கண்ட கனவையெல்லாம் சட்டமாக்குவான். கனவில் நிலா கசந்தது என்று ஊரில் பாகற்காய்க்குத் தடை போட்டவன்.

ஒருநாள் மத்தியானத் தூக்கத்தில் நூறு வாத்தியங்கள் நூறு பாஷையில் அவன் காதோரம் சண்டை போட்டன. விழித்ததும், "இனி நம் நாட்டில் ஒரே சங்கீதம். மற்றவர்கள் கப்பலேறட்டும்" என்றான்.

மந்திரி மழவராயர் துறைமுகத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். துறைமுகத்தில் யாகூப் என்றொரு அரபு வாத்தியக்காரன். குதிரைக் கப்பலில் வந்தவன், உள்ளூர்ப் பெண்ணைக் கட்டியிருந்தான். அவளுக்கு நிறைமாதம். இப்போது கப்பலேறினால் பிள்ளை முகம் பார்க்கக் கொடுத்து வைக்காது.

"ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்பலாமே, மகாராஜா" என்றார் மந்திரி. சபை கூடியது. யாகூப் வாத்தியத்தோடு வந்து நின்றான்.

ஆஸ்தான வித்துவான் வேதாசல பாகவதர் காத்திருந்தார். முன்பொருநாள் யாகூப் வாசித்தபோது ராஜா தலையாட்டிவிட்டான். அந்த எரிச்சல் அவருக்கு ஆறவில்லை.

"ஓய், எங்கள் லயத்துக்கு மனம் ஒடுங்குவது என்று அர்த்தம். தாளத்துக்கு உம்ம பாஷையில் என்ன பேர்?"

"ஈகா. விழவைப்பது என்று அர்த்தம், ஐயா."

"எதை? தேங்காயையா?"

சபை சிரித்தது.

"சரி, ராகத்துக்கு?"

"மகாம். நிற்கிற இடம்."

"நிற்கிற இடத்தில் தேங்காய் விழுந்தால் மண்டைதான் உடையும். மகாராஜா, இவன் வாசிப்பில் தாளம் என்பதே கிடையாது. இருந்தால் நான் ஆஸ்தானத்தை விட்டே போகிறேன்."

"அப்படியானால் பாகவதரே தீர்ப்புச் சொல்லட்டும்" என்றார் மழவராயர். "தீர்ப்புச் சொல்கிறவருக்கு முதலில் சந்தன மரியாதை."

குங்குமப்பூ போட்டுக் குழைத்த சந்தனத்தை மந்திரியே வாரி அவர் கையில் அப்பினார். ராஜசபைச் சந்தனத்தைச் சபை கலையும்வரை கழுவக்கூடாது, துடைக்கவும் கூடாது. பாகவதர் மார்பில் பூசிக்கொண்டார். கையில் மிச்சம் மஞ்சளாய் நின்றது.

யாகூப் வாசித்தான்.

என்னத்தைச் சொல்ல? சொல்லில் அடங்குகிற சமாச்சாரமா அது? மண்டபத் தூண்கள் பாய்மரமாயின. தரை மெல்ல ஆடியது. எங்கோ மணல் மேட்டில் ஒட்டகங்கள் நிலாவை நோக்கி நடந்தன. சாமரம் வீசியவள் கை அந்தரத்திலேயே நின்றது. ராஜா கண்ணை மூடினான். பாகவதரும் மூடினார்.

வாசிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கரையேறவில்லை.

"தீர்ப்பு?" என்றார் மந்திரி.

பாகவதர் தொண்டையைச் செருமினார். "தாளமில்லை."

"சற்று எழுந்து நின்று சொல்லுங்கள், சுவாமி."

எழுந்தார். வெள்ளைப் பட்டு வேட்டியில், வலது தொடை மேல், உள்ளங்கை, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஒன்றன்மேல் ஒன்றாய் மஞ்சள் அச்சு.

"அது... ஈ உட்கார்ந்தது. தட்டினேன்."

"ஈ உட்கார்ந்தால் விரல் விட்டு எண்ணுவீர்களோ?" என்றார் மழவராயர். "மகாராஜா, அவன் சொன்னபடி கை விழுந்தது. இவர் சொன்னபடி மனம் ஒடுங்கியது. ரெண்டு பாஷையும் ஒரே தொடையில் இருக்கிறது. எந்தப் பாஷையைக் கப்பலேற்றுவது?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். கட்டளையைத் திரும்பப் பெற்றான்.

சொன்ன சொல்படி ஆஸ்தானத்தை விட்டுப் போக, பாகவதர் அங்கவஸ்திரத்தை மடிக்கப் போனார்.

"எங்கே கிளம்பிவிட்டீர்?" என்றான் ராஜா. "உட்காரும். யாகூப் வாசிக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்து தாளம் போடுவது உம் வேலை. அதே வேட்டியோடு."

கப்பல் யாகூப் இல்லாமல் போயிற்று. பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலிட்ட அன்று தகப்பன் வாசித்தான். பாகவதர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் தாளம் போட்டார். கை மட்டும் பிசகவில்லை.

அன்று மத்தியானம் ராஜா மறுபடி தூங்கினான். கனவில் அதே நூறு வாத்தியங்கள் வந்திருக்க வேண்டும். சட்டம் எதுவும் வரவில்லை. தூக்கத்திலேயே அவன் கை மட்டும் மெத்தையில் விழுந்து விழுந்து எழுந்தது.