கூண்டில்லாத கிளி

மலையடிவாரத்து மடத்தில் பாடம் சொன்ன உமையாள் அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கேட்க வந்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். தாண்டவமூர்த்தி எல்லோருக்கும் மூத்தவர். ஊரில் மரக்கடை வைத்திருந்தார். மனைவி வள்ளிக்கண்ணு இறந்த பிறகு, அவள் வளர்த்த கிளியை மட்டும் எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

கிளியின் பெயர் பவளம். அது வள்ளிக்கண்ணுவின் குரலிலேயே பேசும். "வெயில்ல நிக்காதீங்க" என்று அது சொன்னால் தாண்டவமூர்த்தி சட்டென்று திரும்பிப் பார்ப்பார். பிறகு தலையைக் குனிந்துகொள்வார்.

தினமும் காலையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையில் நடப்பார். கூண்டில்லை, கயிறில்லை. பார்த்தவர்கள் வியந்தார்கள்.

"பாசம்தான் கயிறு" என்பார் அவர்.

ஒருநாள் ஓடைக்கரை நாவல் மரத்தில் காட்டுக் கிளிகள் பழம் தின்றுகொண்டிருந்தன. மேலே வல்லூறு வந்தது. கிளிகள் கீச்சிட்டபடி எழும்பிச் சிதறின. பவளமும் தோளிலிருந்து எழும்பியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சுழன்றது, முள்புதரில் விழுந்தது. வல்லூறு அதன்மேல் இறங்கிவிட்டது.

தாண்டவமூர்த்தி கத்திக்கொண்டே ஓடித் துண்டால் அடித்தார். வல்லூறு பிடியை விட்டுவிட்டுப் பறந்தது.

அவர் மடத்துக்குள் நுழைந்தபோது பாடம் நடந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்கம்மா! எல்லா உயிரும் ஒண்ணுன்னு இங்க உட்கார்ந்து பேசிட்டிருக்கீங்க. வெளியில என்ன நடக்குதுன்னு வந்து பாருங்க!"

துண்டைப் பிரித்தார். ரத்தத்தில் நனைந்த பச்சை இறகுகள். கிளி நடுங்கிக்கொண்டிருந்தது.

"யார் செஞ்சது?" என்றார் அம்மை.

"வல்லூறு. அந்தக் கொலைகாரப் பறவை மருத மரத்துல கூடு கட்டியிருக்கு. ஆளை ஏத்தி இன்னைக்கே அதைப் பிரிச்சுப் போடணும். நீங்க உத்தரவு குடுக்கலேன்னா நானே ஏறுவேன்."

அம்மை எழுந்து உள்ளே போனார். வெந்நீரில் மஞ்சள் கரைத்து எடுத்துவந்தார். கிளியை மடியில் வைத்துக்கொண்டு துடைக்கத் தொடங்கினார்.

தாண்டவமூர்த்தியால் உட்கார முடியவில்லை. கூடத்தில் அங்குமிங்கும் நடந்தார்.

"விதின்னு சொல்லிடாதீங்க. இது யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? சொல்லுங்க, இதுக்கு என்ன நியாயம்?"

"முதுகுல இந்தக் காயம்?"

"வல்லூறோட நகம்."

"கால்ல?"

"விழுந்தப்போ முள்ளு குத்தினது."

அம்மை கிளியின் வலது சிறகை மெல்ல விரித்தார். நீள இறகுகள் எல்லாம் பாதியிலேயே நின்றன. நுனிகள் ஒரே நேராக இருந்தன.

"இது?"

தாண்டவமூர்த்தி நின்றுவிட்டார்.

"கேக்கறேன். இது யார் செஞ்சது?"

"நான்தாம்மா."

"எதுக்கு?"

"பறந்து போயிடக்கூடாதுன்னு. அவ குரல் இதுகிட்டதான் இருக்கு. இது போயிட்டா நான் அந்தக் குரலை எங்க போய்க் கேப்பேன்?"

உமையாள் அம்மை குரல் உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"கூண்டுல வச்சிருந்தா கம்பியாவது தடுத்திருக்கும். சிறகை விட்டிருந்தா அதுவே தப்பிச்சிருக்கும். ரெண்டுல ஒண்ணைக்கூட நீங்க குடுக்கலை. வெட்டின சிறகோட திறந்த வெளியில கொண்டுபோய் நிறுத்தினீங்க. பாத்தவங்ககிட்ட பாசம்னு வேற சொன்னீங்க. அந்த மருத மரத்துப் பக்கம் யாரும் போகக்கூடாது!"

தாண்டவமூர்த்தி விருட்டென்று வெளியே போனார். அன்று அவர் சாப்பிட வரவில்லை.

ஆனால் மறுநாள் வந்தார். காயத்துக்கு மருந்து போடும்போது கிளியைப் பிடித்துக்கொண்டார். மரம் அறுக்கத் தெரிந்த கை. மூங்கிலில் அவரே பெரிய கூண்டு ஒன்று செய்தார். கிளி தேறியதும் கூண்டோடுதான் ஓடைக்கரைக்குக் கொண்டுபோனார். பாதிக் கூண்டைத் துணியால் மூடி நிழல் செய்தார். பக்கத்தை விட்டு நகராமல், வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அம்மையிடம் அதிகம் பேசவில்லை.

மழைக்காலம் போனது. வெட்டிய இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து புதியவை முளைத்தன. கதவு சாத்திய கூடத்தில் அவர் விட்டுப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியிலிருந்து பறந்து வந்து கையில் உட்கார்ந்தது.

ஒரு காலை அம்மையையும் ஓடைக்கரைக்கு அழைத்துப் போனார். வானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கூண்டைத் திறந்தார்.

பவளம் வெளியே வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. அங்கேயே வெகுநேரம் இருந்தது. அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

மருத மரத்திலிருந்து வல்லூறு கிளம்பியது.

அவர் கை தோளுக்குப் போகுமுன் கிளி எழும்பிவிட்டது. நேராக, அம்பு மாதிரிப் போய் நாவல் மரத்தின் அடர்ந்த இலைகளுக்குள் புகுந்தது. வல்லூறு மரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு மலைப்பக்கம் போனது.

தாண்டவமூர்த்தி கல்லை எடுத்து அது போன திசையில் எறிந்தார். இன்னொன்றும் எறிந்தார். மூச்சு வாங்கியது.

"பவளம்!" என்று கூப்பிட்டார். இலைகளுக்குள்ளிருந்து கிளியின் சத்தம் கேட்டது. இறங்கி வரவில்லை.

"பாத்தீங்களாம்மா? இன்னும் அந்த வல்லூறு திருந்தலை. அதையும் என்னையும் ஒரே தராசுல வச்சீங்களே, அதைத்தான் என்னால பொறுக்க முடியலை. நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கறேன். ஆனா நான் அன்பாலதானே வெட்டினேன்? அது?"

அம்மை நாவல் மரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அது பசிக்கு அடிச்சுது, ஐயா. அன்புன்னு சொல்லிக்கலை."